அடுக்குமாடியில் மின்வண்டி சார்ஜிங்: கிலோவாட்டைக் கேட்கும் முன் யூனிட்டைக் கேளுங்கள்

குடியிருப்புக் கட்டடங்களுக்கு மின் அமைப்பு வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். நிர்வாகக் குழுக் கூட்டங்களுக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, “ஒரு காருக்கு எத்தனை கிலோவாட் சார்ஜர் போடலாம்?” என்பதுதான். யாராவது ஒருவர் ஏற்கெனவே ஒரு கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பார். 30 கார், ஒவ்வொன்றுக்கும் 7.4 கிலோவாட், ஆக 222 கிலோவாட். அதற்குப் புது டிரான்ஸ்ஃபார்மர், புது மெயின் கேபிள், புது பேனல் என்று வரிசையாக எழுதியிருக்கும். அடியில் உள்ள தொகையைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு ஆர்வம் வடிந்துவிடும்.

அந்தக் கணக்கு, 30 காரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் சார்ஜ் ஆகும் என்று எடுத்துக்கொண்டு போட்டது. வீட்டில் நிற்கும் காருக்கு அப்படி என்ன அவசரம்? மாலை ஏழெட்டு மணிக்கு வந்து நின்றால் மறுநாள் காலையில்தான் கிளம்பும். நடுவில் பத்து மணி நேரம் சும்மா நிற்கிறது. அதனால் நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: ஓர் இரவில் எல்லா வண்டிகளுக்கும் சேர்த்து எத்தனை யூனிட் ஏற வேண்டும்? (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.)

போட்டுப் பார்ப்போம். நடுத்தர அளவு மின்கார் ஒன்று கிலோமீட்டருக்கு 0.15 முதல் 0.18 யூனிட் வரை எடுக்கும். நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் ஆறரை யூனிட். மீட்டரிலிருந்து பாட்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பத்துப் பதினைந்து சதவீதம் வெப்பமாகப் போய்விடும் என்பதால் ஏழரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 காருக்கு 225 யூனிட். பத்து மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 22.5 கிலோவாட். கொட்டேஷனில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு!

சராசரியை மட்டும் நம்பிக் கட்டிவிடவும் கூடாது. நெடும்பயணம் போய்விட்டு வெறும் பாட்டரியோடு வந்து நிற்கும் காரும் இருக்கும், இரவு பதினொன்றுக்கு வந்து காலை ஐந்துக்குக் கிளம்பும் காரும் இருக்கும். ஆகவே சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 40 கிலோவாட் என்று எடுப்பேன். மூன்று ஃபேஸில் ஃபேஸுக்கு 60 ஆம்பியர். பெரும்பாலான கட்டடங்கள் இந்த அளவை இரவில் இருக்கிற இணைப்பிலிருந்தே கொடுத்துவிடும்.

முதலில் ஒரு தாள் சுற்றட்டும்

வடிவமைப்பாளரைக் கூப்பிடும் முன்பே நீங்கள் செய்யக்கூடிய வேலை கணக்கெடுப்பு. மின்வண்டி வைத்திருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது, எல்லா வீடுகளிலும் கேளுங்கள். இப்போது மின்வண்டி இருக்கிறதா, மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் எண்ணம் உண்டா, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், வழக்கமாக எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவீர்கள், உங்கள் பார்க்கிங் எண் என்ன. இருசக்கர வண்டிக்குத் தனிக் கட்டம் வையுங்கள். பாட்டரி எத்தனை யூனிட் என்று கேட்க வேண்டாம். 40 யூனிட் பாட்டரியும் 80 யூனிட் பாட்டரியும் 40 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் இரவில் ஏறப்போவது கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

“மூன்று ஆண்டுக்குள் வாங்குவேன்” என்பவர்களை அப்படியே எண்ணிவிடாதீர்கள். ஆசையில் சொல்பவர்களும் உண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த மாதமே வாங்கி வந்து நிற்பவர்களும் உண்டு. வந்த விடைகளைப் பார்க்கிங் வரைபடத்தில் வண்ணப் பென்சிலால் குறித்தால் போதும். எந்த மூலையில் வண்டிகள் கூடுகின்றன, மின் அறையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு வரும் கேபிள் செலவில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது இந்தத் தூரம்தான்.

கட்டடத்தில் மிச்சம் எவ்வளவு?

இங்கே பலர் பொது இணைப்பின் பில்லை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு பேசுவார்கள். லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகள் மட்டும் உள்ள பில் அது. வீடுகளுக்குத் தனித்தனி மீட்டர் இருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் மொத்தமாகச் சுமப்பது எந்தப் பில்லிலும் இருக்காது. அதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். மெயின் கேபிள்களைச் சுற்றிக் கிளாம்ப் மாட்டி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும் லோடு லாகர் என்ற கருவி வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு வாரம் மாட்டி வையுங்கள். ஏசியோ ஹீட்டரோ அதிகம் ஓடும் பருவத்தில் மாட்டினால்தான் பயன். இதமான பருவத்தில் எடுத்த அளவை நம்பித் திட்டம் போட்டால் கடும் பருவத்தில் மெயின் பிரேக்கர் விழும்.

லாகர் தரும் வரைபடத்தில் பெரும்பாலும் ஒரே வடிவம்தான் தெரியும்: மாலையில் ஒரு மேடு, நள்ளிரவுக்குப் பிறகு பெரிய பள்ளம். எடுத்துக்காட்டாக, 200 கேவிஏ (டிரான்ஸ்ஃபார்மரின் திறனைச் சொல்லும் அளவு) இணைப்பு உள்ள கட்டடம் ஒன்று. மாலை ஏழு முதல் பத்து வரை 140 ஓடுகிறது, பதினொன்றுக்கு மேல் 60-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மரை எப்போதும் விளிம்பில் ஓட்ட வேண்டாம் என்று 80 சதவீதத்தில் கோடு போட்டால் 160. அப்படியானால் மாலையில் மிச்சம் 20, நள்ளிரவில் 100. கார் சார்ஜர்களின் பவர் ஃபேக்டர் (கேவிஏவுக்குக் கிலோவாட் எத்தனை பங்கு என்ற விகிதம்) ஒன்றுக்கு மிக அருகில் இருப்பதால் கேவிஏவும் கிலோவாட்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டால் பிழையில்லை. இரவு பதினொன்று முதல் காலை ஆறு வரை ஏழு மணி நேரம், 100 கிலோவாட், ஆக 700 யூனிட். காருக்கு ஏழரை என்றால் 90 காருக்கு மேல். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றாமலேயே!

சரி, மாலை ஏழரைக்கு எல்லாரும் வந்து ஒரே நேரத்தில் பிளக்கைச் செருகினால்? அதற்குத்தான் அடுத்தது.

லோடு மேனேஜ்மென்ட்

மொத்தத் திட்டத்தில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால், மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் கார்களுக்குத் தானாகப் பங்கிடும் இந்த ஏற்பாட்டைத்தான் சொல்வேன். சார்ஜிங் பெட்டிக்கும் காருக்கும் இடையில் கண்ட்ரோல் பைலட் என்று ஒரு மெல்லிய கம்பி போகிறது. அதில் விநாடிக்கு 1,000 முறை துடிக்கும் ஒரு சிக்னல். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு அகலம் என்பதை வைத்துக் கார், “இப்போது எனக்கு இத்தனை ஆம்பியர் வரை எடுக்க அனுமதி” என்று புரிந்துகொள்ளும். 10 சதவீத அகலம் என்றால் 6 ஆம்பியர், 50 சதவீதம் என்றால் 30 ஆம்பியர். அகலத்தைக் குறைத்தால் ஐந்து விநாடிக்குள் கார் தன் இழுப்பைக் குறைத்தாக வேண்டும். ஐஇசி எனும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61851 என்ற தரநிலை சொல்லும் விதி இது. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் இந்தப் பேச்சு புரியும்.

லோடு மேனேஜ்மென்ட் கருவி இதைத்தான் பயன்படுத்துகிறது. கட்டடத்தின் மெயினில் மின்னோட்டத்தை அளக்கும் சிடி எனும் வளையங்கள் மாட்டியிருக்கும். வீடுகள் எவ்வளவு இழுக்கின்றன என்பதை அது கணத்துக்குக் கணம் பார்த்து, மிச்சத்தைக் கார்களுக்குப் பிரித்துக்கொடுக்கும். மாலையில் வீடுகள் அதிகம் இழுக்கும்போது கார்களுக்குக் கொஞ்சம். எல்லாரும் தூங்கிய பிறகு நிறைய. மொட்டை மாடித் தொட்டிக்கு இரவு முழுவதும் தண்ணீர் ஏறினால் போதும், காலையில் குழாயைத் திறக்கிறவருக்கு அது எத்தனை மணிக்கு நிரம்பியது என்பது தெரியவே தெரியாது.

கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. இந்தச் சிக்னலால் 6 ஆம்பியருக்குக் கீழே போக முடியாது. அதற்கும் கீழே என்றால் நிறுத்திவைக்க வேண்டியதுதான். 230 வோல்ட், ஒற்றை ஃபேஸ், 6 ஆம்பியர் என்றால் 1.38 கிலோவாட். முன்பு சொன்ன 60 ஆம்பியரில் ஃபேஸுக்குப் பத்து கார், மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து 30 காரும் ஒரே சமயத்தில் இந்தக் குறைந்தபட்ச வேகத்தில் ஓடலாம். பத்து மணி நேரம் அப்படியே ஓடினாலும் ஒரு காருக்கு 13 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். 40 கிலோமீட்டர் ஓடிய காருக்கு அது தாராளம். ஆனால் எல்லாக் காரையும் இரவு முழுக்க 6 ஆம்பியரில் ஓட்டுவது சிக்கனம் இல்லை. சார்ஜ் ஆகும்போது காரின் கணினியும் பம்புகளும் விழித்திருக்கும். மெதுவாக ஏற்றினால் அவை விழித்திருக்கும் நேரமும் நீளும். சிலருக்கு முதலில் 16 ஆம்பியர், அவர்கள் முடித்ததும் அடுத்தவர்களுக்கு என்று சுற்றுமுறை வைக்கும் மென்பொருள் நல்லது.

கொட்டேஷன் தருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது, கட்டுப்பாட்டுக் கருவியோடு தொடர்பு அறுந்தால் சார்ஜர் என்ன செய்யும்? தானாக 6 ஆம்பியருக்கு இறங்க வேண்டும், அல்லது நிற்க வேண்டும். “முழு வேகத்தில் ஓடும்” என்று விடை வந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். இரண்டாவது, நீண்ட நேரம் நிறுத்திவைத்த காரை எழுப்பத் தெரியுமா? சில மாடல்கள் மின்சாரம் வராமல் ஓரிரு மணி நேரம் காத்திருந்தால் உறங்கிப்போய், பிறகு சிக்னல் வந்தாலும் கண் திறப்பதில்லை. காலையில் வந்து பார்த்தால் ஏறவே ஏறியிருக்காது, அன்றைக்கு முழுக்க உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நிம்மதி இருக்காது. மூன்றாவது, ஓசிபிபி புரியுமா, எந்தப் பதிப்பு? சார்ஜரும் அதை நிர்வகிக்கும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது மொழி இது. 1.6 பதிப்பு 2015-லும் 2.0.1 பதிப்பு 2020-லும் வந்தவை. ஒன்று மற்றொன்றோடு நேரடியாகப் பொருந்தாது. ஓசிபிபி இருந்தால், சர்வரை நடத்தும் நிறுவனம் நாளை கடையை மூடினாலும் அதே பெட்டிகளை வேறு சர்வருக்குத் திருப்பிவிடலாம். இல்லாவிட்டால் சுவரில் மாட்டிய அத்தனையையும் கழற்ற வேண்டிவரும்.

அப்புறம், கீழ்த்தளத்தில் மொபைல் சிக்னல் வராது என்பதைக் கூட்டத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. செயலியைத் திறந்து சார்ஜிங்கைத் தொடங்குவது என்ற ஏற்பாடு அங்கே முதல் நாளே படுத்துவிடும். பேனலிலிருந்து சார்ஜர்களுக்கு மின்கேபிளோடு சேர்த்து நெட்வொர்க் கேபிளும் இழுத்துவிடுங்கள். தொடர்பு இல்லாதபோதும் வேலை செய்யும், சார்ஜரருகே காட்டினால் போதுமான ஆர்எஃப்ஐடி அட்டை கையில் இருக்கட்டும்.

மின்சாரம் யார் மீட்டரிலிருந்து?

இரண்டு வழி. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மீட்டரிலிருந்து சொந்தக் கேபிள் இழுத்துக்கொள்வது ஒன்று. பார்க்கிங்கில் ஒரு பொதுப் பேனல் வைத்து அங்கிருந்து எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்து, தனித்தனிச் சப்-மீட்டர் வைப்பது இன்னொன்று. முதல் வழியில் பில் பிரிக்கும் தலைவலி இல்லை. மீட்டர் அறை பார்க்கிங்குக்குப் பக்கத்தில் இருந்து, வண்டிகளும் ஏழெட்டுதான் என்றால் அதுவே போதும். பெரிய கட்டடத்தில் இதை அனுமதித்தால் சில ஆண்டுகளில் கூரை முழுக்க ஆளுக்கொரு நிறத்தில் கேபிள் தொங்கும். ஒவ்வொருவர் சார்ஜரும் தன்பாட்டுக்கு ஓடும். மெயினில் மொத்தம் எவ்வளவு போகிறது என்று பார்க்க ஆளே இருக்காது. 40 வீட்டுக்கு மேல் இருந்தால் நான் பொதுப் பேனல் பக்கம்தான்.

எல்லாரும் பயன்படுத்த விருந்தினர் இடத்தில் ஒரே ஒரு வேகமான டிசி சார்ஜர் வைத்துவிடலாமே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 60 கிலோவாட் டிசி சார்ஜர் ஒன்று, முன்பு 30 காருக்கும் சேர்த்து ஒதுக்கியதைவிட அதிகமாக இழுக்கும். ஓடும்போது வீட்டுக்காரர்கள் கீழே வந்து வண்டியை மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலையில் அதற்கு வேலை இருக்கிறது, தூங்கும் வீட்டில் இல்லை. மெதுவான பொதுச் சார்ஜர் ஒன்றிரண்டு வேண்டுமானால் விருந்தினருக்கு வையுங்கள். சார்ஜ் முடிந்த பிறகும் எடுக்காமல் நிற்கும் வண்டிக்குக் கட்டணம் ஏறும்படி அமையுங்கள்.

கேபிள்

வரைபடத்தில் குறித்த தூரம் இங்கே வேலைக்கு வரும். பேனலிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு கார், 32 ஆம்பியர், ஒற்றை ஃபேஸ், 6 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள். சூடான நிலையில் போய்வரும் தூரத்துக்கான மின்தடை சுமார் 0.45 ஓம். வோல்டேஜ் 14.4 குறையும், அதாவது 6 சதவீதத்துக்கு மேல். வழக்கமாக 5 சதவீதம்தான் வரம்பு. கேபிளிலேயே 460 வாட் வெப்பமாக வீணாகும். 10 ஸ்கொயர் எம்எம் போட்டால் வீழ்ச்சி 3.8 சதவீதம், 16 போட்டால் 2.3. இப்போது அதே 6 ஸ்கொயர் எம்எம் கேபிளில் 16 ஆம்பியர் மட்டும் விட்டுப் பாருங்கள்: வீழ்ச்சி 3.1 சதவீதம், வீணாவது 115 வாட். வேகத்தைப் பாதியாக்கினால் வீண் கால்வாசியாகிறது. மெதுவான சார்ஜிங்தான் அடுக்குமாடிக்கு ஏற்றது என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே குழாயில் பல கேபிள்களைத் திணிப்பது இன்னொரு வம்பு. ஆறு சர்க்யூட்டுகளை ஒரு கட்டாகக் கொண்டுபோனால் ஒன்றின் சூட்டை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். கேபிளின் தாங்குதிறனில் 57 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுக்க முடியும். இரவு முழுக்க நிற்காமல் ஓடும் லோடு என்பதால் இதில் சமரசமே கூடாது. திறந்த கேபிள் டிரேயில் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். நூறு இடங்களுக்கு மேல் என்றால் பஸ்பார் டிரங்கிங் விலை கேட்டுப் பாருங்கள். கூரையோடு ஓடும் ஒரே தடத்தில், வேண்டிய இடத்தில் பெட்டியைச் செருகிக்கொள்ளலாம். புதிதாக ஒருவர் கார் வாங்கினால் பேனல்வரை கேபிள் இழுக்கத் தேவையிருக்காது.

சிறிய ஒரு வேலை, ஆனால் பலர் விட்டுவிடுவது: ஒற்றை ஃபேஸ் சார்ஜர்களை ஆர், ஒய், பி என்று மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸ் சார்ஜர் போட்டாலும் ஒற்றை ஃபேஸில் மட்டும் இழுக்கும் கார்கள் இருப்பதால், ஒவ்வொரு பெட்டியிலும் முதல் ஃபேஸ் எது என்பதைச் சுழற்றி வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஆர்-இல் தொடங்கிவிட்டால் அந்த ஃபேஸ் மட்டும் கொதிக்கும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும். எந்தப் பெட்டி எந்த ஃபேஸ் என்று மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டட்டும்.

டிரே, பேனல், மெயின் கேபிள் மூன்றையும் முதல் நாளே எல்லா இடங்களுக்கும் போதுமான அளவில் போட்டுவிடுங்கள். சார்ஜர் பெட்டியை மட்டும் வண்டி வரவர மாட்டுங்கள். தரையை உடைப்பதும் சுவரைத் துளைப்பதும்தான் செலவு. அதை இரண்டாம் முறை செய்ய எந்தக் கட்டடமும் விரும்பாது.

ஷாக், தீ, தண்ணீர்

ஒவ்வொரு சார்ஜருக்கும் தனிச் சர்க்யூட், தனி பிரேக்கர், 30 மில்லி ஆம்பியரில் விழும் தனி ஆர்சிடி (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஐஇசி 60364-இன் 722-ஆம் பகுதி கேட்பது இதை. ஆர்சிடியிலும் வகை இருக்கிறது. வீடுகளில் நிறைய இடங்களில் மாட்டியிருக்கும் ஏசி வகை இங்கே ஆகாது. காரின் சார்ஜரிலிருந்து டிசி மின்னோட்டம் கசிந்தால் அந்த வகையின் உள்ளே இருக்கும் வளையம் காந்தத்தால் நிரம்பிச் செயலற்றுப்போய், உண்மையில் ஷாக் அடிக்கும் நேரத்தில் விழாமல் இருந்துவிடும். பி வகை வேண்டும், அல்லது ஏ வகையோடு 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும். பல சார்ஜர்களுக்குள் அந்தக் கருவி இருக்கும். இருக்கிறது என்பதை வாய்ச்சொல்லாக வாங்காமல் டேட்டாஷீட்டில் காட்டச் சொல்லுங்கள். எர்த் எதிர்ப்பை அளந்து எழுதி வாங்குங்கள். கார் என்பது ரப்பர் சக்கரத்தில் நிற்கும் பெரிய உலோகப் பெட்டி. ஈரத் தரையில் நிற்பவர் தொடும் பொருள்.

இருசக்கர வண்டிகளுக்கு இவ்வளவு தேவையில்லை. பெரும்பாலானவற்றின் பாட்டரி இரண்டு முதல் நான்கு யூனிட். ஒரு கிலோவாட்டுக்குள்தான் இழுக்கும். வீட்டுச் சுவர் சாக்கெட்டை விட நீலநிறத் தொழிற்சாலை வகைச் சாக்கெட்டைத்தான் நான் எழுதுவேன். மணிக்கணக்கில் ஓடும் லோடில் சாதாரண சாக்கெட்டின் பிடி தளர்ந்து சூடேறிப் பழுப்பாவதைப் பராமரிப்பு ஊழியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாக்கெட்டின் அடிப்பகுதி தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல், ஒன்றரை மீட்டருக்குள். எக்ஸ்டென்ஷன் கம்பிக்கு ஒரே விதி: கூடாது. கழற்றும் பாட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோய் வாசற்கதவருகே சார்ஜ் போடுகிறவர்களிடமும் பேசுங்கள். தீப்பிடித்தால் வெளியேற இருக்கும் ஒரே வழியை அது மறித்துவிடும்.

தீ பற்றிக் கூட்டத்தில் நிறைய பயம் பேசப்படும். அறிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு: லித்தியம் பாட்டரி தீப்பிடித்தால் உள்ளேயே வெப்பம் பெருகிப் பெருகிச் செல்லிலிருந்து செல்லுக்குத் தாவும். அணைக்க நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகு மணிக்கணக்கு கழித்து மறுபடியும் பற்றலாம். ஆகவே பார்க்கிங்கில் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பிரிங்க்ளருக்கான என்எஃப்பிஏ 13 என்ற அமெரிக்கத் தரநிலை 2022 பதிப்பில் வாகன நிறுத்துமிடங்களை ஒரு படி உயர்ந்த ஆபத்து வகைக்கு மாற்றியிருக்கிறது. இன்றைய கார்களில் பெட்ரோல் காரும் சேர்த்தே பிளாஸ்டிக் மிகுதி என்பது அதற்குக் காரணம், மின்கார் மட்டும் இல்லை. படிக்கட்டு வாசல், லிஃப்ட் முகப்பு இவற்றை ஒட்டிச் சார்ஜிங் இடம் வேண்டாம். தீ எச்சரிக்கை அடித்தால் சார்ஜிங் பேனல் தானாக விழும்படி ஷண்ட் டிரிப் (சிக்னல் வந்ததும் பிரேக்கரை விழவைக்கும் கருவி) வையுங்கள். நுழைவாயிலில் தீயணைப்பு வீரர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்சும், சார்ஜர் எங்கெங்கே என்ற வரைபடமும் இருக்கட்டும்.

கீழ்த்தளத்தில் மழைநீர் ஏறும் கட்டடமா? அப்படியென்றால் பேனலைத் தரைத்தளத்துக்கு மேலே வையுங்கள். ஜெனரேட்டர் இருந்தால், அது ஓடத் தொடங்கியதும் கார் சர்க்யூட் முழுவதும் துண்டிக்கப்பட வேண்டும். டீசல் எரித்து மின்காரை நிரப்புவதில் என்ன பொருள் இருக்கிறது?

பணத்தைப் பிரிப்பது

“என்னிடம் மின்கார் இல்லை, நான் ஏன் தர வேண்டும்?” இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். நான் பரிந்துரைக்கும் பிரிப்பு இது. மெயின் கேபிள், பேனல், டிரே, லோடு மேனேஜ்மென்ட் எல்லாம் கட்டடத்தின் சொத்து. லிஃப்டைப் போல எல்லா உரிமையாளர்களும் பங்கு தர வேண்டியவை. டிரேயிலிருந்து இறங்கும் கேபிள், பிரேக்கர், சார்ஜர் பெட்டி மூன்றும் பயன்படுத்துகிறவரின் செலவு. எல்லாரும் பங்கு தர ஒப்பவில்லை என்றால், முதலில் சேருகிறவர்கள் போட்டுக் கட்டட்டும். பின்னால் சேருகிற ஒவ்வொருவரும் நுழைவுத் தொகை கட்டி, அது முன்னவர்களுக்குத் திரும்பட்டும். எந்த வழியானாலும் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

மாதாந்தரக் கட்டணத்தில் இரண்டு பகுதி வையுங்கள்: ஓடிய யூனிட்டுக்கு ஒன்று, மென்பொருள் கட்டணம், பராமரிப்பு, மாற்று நிதி ஆகியவற்றுக்கு நிலையான தொகை ஒன்று. யூனிட் விலைக்குள்ளேயே எல்லாவற்றையும் திணித்தால், அதிகம் ஓட்டுகிறவர் மற்றவர்களின் செலவையும் சுமப்பார். பிறகு அவர் வெளியே போய்ச் சார்ஜ் செய்யத் தொடங்கினால் கணக்கே சாய்ந்துவிடும். உங்கள் மின்வாரியம் இரவுக்குக் குறைந்த விலை தருமென்றால் அந்த மணிகளை லோடு மேனேஜ்மென்ட்டில் பதிந்துவிடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில்

கடைசித் தவணைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்வேன். கிடைக்கிற மின்கார்களை எல்லாம் மாலை உச்ச நேரத்தில் ஒன்றாகச் செருகுங்கள். மெயினில் மொத்தம் நீங்கள் போட்ட கோட்டைத் தாண்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு கட்டுப்பாட்டுக் கருவியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். எல்லாச் சார்ஜர்களும் இறங்குகின்றனவா? மெயினை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எல்லாக் கார்களும் ஒரே நொடியில் பாய்கின்றனவா, ஒவ்வொன்றாகத் தொடங்குகின்றனவா? தீ எச்சரிக்கையை அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆர்சிடியும் எத்தனை மில்லி விநாடியில் விழுந்தது என்று கருவியால் அளந்த தாளை வாங்குங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது என்ற இறுதி வரைபடம், மென்பொருளின் நிர்வாகிக் கடவுச்சொல் இரண்டும் கட்டடத்தின் பெயரில் வந்து சேர வேண்டும்.

முதல் மூன்று மாதம் கழித்து ஒரு இரவு, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்பக் கேமராவால் பேனலைப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த ஸ்குரூ இருந்தால் படத்தில் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். அதை முறுக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஆர்சிடியின் டெஸ்ட் பொத்தானை மட்டும், தயாரிப்பாளர் குறித்திருக்கும் இடைவெளியில் காவலாளியோ எலக்ட்ரீஷியனோ அழுத்திப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கட்டும்.